சிறுவர் உடையைத் தேடி: லண்டன் முதல் நியூயார்க் வரை

ஞாயிறு, கிரீனிச்

மேடை நாடகங்களுக்கு உடை தைப்பது என் தொழில். பழைய காலத்து வெள்ளைக்காரப் பையன் ஒருவன் கதையில் வந்தால், அவனுக்கு ஒரு வெல்வெட் கோட்டும் லேஸ் காலரும் மாட்டிவிடுவதுதான் எங்கள் வழக்கம். கதை நடப்பது இங்கிலாந்திலா அமெரிக்காவிலா, 1810இலா 1890இலா என்று யாரும் கேட்பதில்லை. எனக்கு ரொம்ப நாளாகவே கேட்க வேண்டும் போலிருந்தது. அதற்காகத்தான் இந்தப் பயணம். முதலில் இங்கிலாந்து, அப்புறம் நியூயார்க். அன்றன்று பார்த்ததை அன்றன்றே எழுதிப் போடுகிறேன்.

லண்டனில் தங்கியிருப்பது அக்கா மகள் வீட்டில். இன்று அவளுக்கு விடுமுறை, சேர்ந்தே கிரீனிச்சுக்குப் போனோம். அங்குள்ள தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் ஒரு சின்ன மாலுமி உடை இருக்கிறது. பாதம் நோக்கி அகன்று இறங்கும் வெள்ளைக் கால்சட்டை, நீலக் காலர் வைத்த வெள்ளைச் சட்டை. போட்டவன் விக்டோரியா ராணியின் மூத்த மகன், பிற்பாடு ஏழாம் எட்வர்டாக முடிசூடியவன். 1846 செப்டம்பரில், ஐந்து வயது நிரம்புவதற்கு முன், அரச குடும்பத்தின் கப்பலில் இதைப் போட்டுக்கொண்டு மேல்தளத்துக்கு வந்தான். தைத்தவர் அரண்மனைத் தையல்காரர் இல்லை. அந்தக் கப்பலில் மாலுமிகளுக்கு உடை தைத்துக் கொடுத்தவர்தான் இளவரசனுக்கும் தைத்தார். அதிகாரிகளும் மாலுமிகளும் பையனைப் பார்த்து ஆரவாரம் செய்ததை ராணி தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். அதே வருடம் வின்டர்ஹால்டர் என்ற ஓவியர் அவனை இந்த உடையிலேயே வரைந்தார். கைகள் கால்சட்டைப் பைக்குள், தலையில் வைக்கோல் தொப்பி.

கடற்படையின் சாதாரண மாலுமிகளுக்கே ஒரே மாதிரியான சீருடை விதியானது 1857இல்தான். அதாவது சீருடை முழுதாகச் சட்டமாவதற்கு முன்பே அது ஒரு குழந்தையின் மேல் ஏறிவிட்டது. 1870, 80களில் இங்கிலாந்தின் நடுத்தர வீடுகளில் மாலுமி உடை போடாத பையனைத் தேட வேண்டியிருந்தது. ஜெர்மனி, ரஷ்யா அரச குடும்பங்களுக்கும் போனது. அட்லாண்டிக்கையும் தாண்டியது.

தைப்பவள் கண்ணுக்கு இதன் அருமை வேறு. இதற்கு முந்தைய உடையை ஆங்கிலத்தில் எலும்புக்கூட்டு உடை என்ற பொருளில் ஸ்கெலிட்டன் சூட் என்பார்கள். 1780களில் வந்து 1830கள் வரை ஓடியது. உடம்போடு ஒட்டிய குட்டை ஜாக்கெட். கால்சட்டை இடுப்புக்கும் மேலே ஏறி, அதன் பட்டியிலுள்ள காஜாக்களில் ஜாக்கெட்டின் பட்டன்கள் சுற்றிலும் மாட்டப்படும். சின்னப் பையன்களுக்குக் கால்சட்டை நிற்பதற்கு இடுப்பு கிடையாது, அதனால் ஜாக்கெட்டே அதைத் தூக்கிப் பிடிக்க வேண்டும் என்பது கணக்கு. நல்ல கணக்குதான். ஆனால் அவசரத்துக்குக் கழற்ற முடியாது. இங்கிலாந்து, அமெரிக்கா இரண்டிலும் அந்தக் காலத்துச் சிறுவர் ஓவியங்களில் இதைப் பார்க்கலாம். அந்தக் கட்டத்தில் இரு நாட்டுப் பையன்களையும் உடையை வைத்துப் பிரித்துச் சொல்வது கஷ்டம்.

“சித்தி, அந்தப் பட்டனையெல்லாம் யார் போட்டுவிடுவாங்க?” என்று அக்கா மகள் கேட்டாள். வேலைக்காரப் பெண் அல்லது அம்மா. மாலுமி உடையில் அந்தத் தொல்லை இல்லை. தலை வழியாக மாட்டும் தொளதொளச் சட்டை, கழுத்தை நெரிக்காமல் தோளில் படுத்துக்கிடக்கும் காலர், வெளுத்துத் துவைக்கக்கூடிய துணி. பையன் தானே போட்டுக்கொண்டு ஓடலாம். அந்த நூற்றாண்டில் குழந்தைகளுக்குக் கிடைத்த ஆகச் சிறந்த உடை இதுதான் என்பது என் கருத்து.

செவ்வாய், லண்டன்

பிரன்ஸ்விக் சதுக்கத்தில் பவுண்ட்லிங் அருங்காட்சியகம். தாமஸ் கோரம் என்ற கப்பல் தலைவர் 1739இல் கைவிடப்பட்ட குழந்தைகளுக்காகத் தொடங்கிய இல்லத்தின் நினைவு. குழந்தையை விட்டுப் போன தாய்மார்களிடமிருந்து அடையாளத்துக்காக எடுத்து வைத்த துணித் துண்டுகள் அந்த இல்லத்தின் பதிவேடுகளில் ஊசி குத்திச் சேர்க்கப்பட்டிருந்தன. பூப்போட்ட பருத்தி, ரிப்பன், ஒரு சட்டைக் கையின் ஓரம். 18ஆம் நூற்றாண்டின் ஏழைப் பெண்கள் என்ன உடுத்தினார்கள் என்பதற்கு இவ்வளவு பெரிய துணிச் சேகரம் வேறு எங்கும் இல்லை என்கிறார்கள். குழந்தை உள்ளே வந்ததும் பெயரும் மாறும், உடையும் மாறும். பையன்களுக்குச் சிவப்பு ஓரம் வைத்த பழுப்புக் கம்பளித் துணி. 19ஆம் நூற்றாண்டு முழுக்க அதே பழுப்புதான்.

அங்கிருந்து நியூகேட் தெருவுக்கு நடந்தேன். கிறிஸ்டோபர் ரென் என்ற கட்டடக் கலைஞர் எழுப்பி, 1940 குண்டுவீச்சில் கூரை இழந்த ஒரு தேவாலயம், அதன் நடுவே ரோஜாத் தோட்டம். பக்கத்தில் ஒரு வெண்கலச் சிற்பம், நீளக் கோட்டுப் போட்ட பள்ளிக் குழந்தைகள். கிறைஸ்ட்ஸ் ஹாஸ்பிட்டல் பள்ளி 1552இல் இந்த இடத்தில்தான் தொடங்கியது. 1902இல் ஹார்ஷம் என்ற ஊருக்கு மாறிப் போய்விட்டது. கணுக்கால் வரை நீலக் கோட்டு, முழங்கால் அளவுக் கால்சட்டை, மஞ்சள் காலுறை, கழுத்தில் வெள்ளைப் பட்டை, இடுப்பில் தோல் வார். இன்றைக்கும் அங்கே படிக்கிற பிள்ளைகள் இதைத்தான் போடுகிறார்கள்.

ரயிலும் தந்தியும் வந்த பிறகும் லண்டன் தெருவில் 16ஆம் நூற்றாண்டின் டியூடர் அரசர் காலத்துக் கோட்டில் பையன்கள் நடந்துகொண்டிருந்தார்கள் என்பதை நினைத்துப் பார்த்தேன். இங்கிலாந்தில் பையனின் உடை அவன் எந்த நிறுவனத்துக்குச் சொந்தமானவன் என்று சொல்லிவிடும். நீலக் கோட்டு என்றால் இந்தப் பள்ளி. பழுப்பு என்றால் அந்த இல்லம். அம்மாவின் ஆசைக்கு அங்கே இடமில்லை.

புதன், மைல் எண்ட்

ரீஜன்ட்ஸ் கால்வாய் ஓரத்தில் சரக்குக் கிடங்குகளாக இருந்த கட்டடங்களில் டாக்டர் பர்னார்டோ 1877இல் ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி திறந்தார். இப்போது அது கந்தல் பள்ளி அருங்காட்சியகம். பழைய மர பெஞ்சு, கற்பலகை.

என் மனதில் நின்றது பர்னார்டோவின் படங்கள். தெருவிலிருந்து வந்த நிலையில் ஒரு படம், குளிப்பாட்டிப் புது உடை மாட்டி வேலையில் நிறுத்தி இன்னொரு படம். இரண்டையும் அட்டையாக அச்சிட்டு நன்கொடைக்கு விற்றார். பரிதாபம் கூடுவதற்காகப் பிள்ளைகளின் உடையைக் கிழித்தும் மாற்றியும் படம் எடுத்ததாகக் குற்றச்சாட்டு எழுந்து, அதே 1877இல் நடுவர் குழு முன் விசாரணை நடந்தது. மற்றப் பல குற்றச்சாட்டுகளிலிருந்து அவர் தப்பினார், ஆனால் இப்படி ஜோடித்து எடுத்த படங்களைக் குழு கண்டித்தது. ஒரு நகரம் உதவி செய்ய முன்வருவதற்குக் கிழிந்த சட்டையும் வெறுங்காலும் படத்தில் தெரிந்தாக வேண்டியிருந்தது. இங்கே வெறுங்கால் என்றால் வறுமை, வேறு அர்த்தமே இல்லை. இதை நியூயார்க்கில் மறுபடியும் பேச வேண்டியிருக்கும்.

வியாழன், விண்ட்சர், ஈட்டன்

காலையில் கோட்டை, மத்தியானம் ஆற்றுக்கு அந்தப்புறம் ஈட்டன், மேல்தட்டுப் பையன்கள் படிக்கும் புகழ்பெற்ற விடுதிப் பள்ளி. பாலத்தைத் தாண்டினால் அந்தப் பள்ளியின் ஊர் வந்துவிடுகிறது. கடைத்தெருவில் பள்ளிப் பிள்ளைகளுக்கு உடை விற்றே வளர்ந்த பழைய கடைகள். 1865இல் ஈட்டன் மாணவர்களுக்காகத் தொடங்கிய நியூ அண்ட் லிங்வுட் இன்று லண்டனில் பெரிய பெயர்.

ஈட்டன் உடை என்று உலகம் அறிந்தது இடுப்போடு நின்றுவிடும் கறுப்பு ஜாக்கெட், அதன் மேல் விழும் அகலமான, கஞ்சி போட்ட வெள்ளைக் காலர். அது பள்ளியின் எல்லாருக்குமான உடை இல்லை. 5 அடி 4 அங்குலத்துக்குக் கீழே இருந்தவர்களுக்கு மட்டும். அதற்கு மேல் வளர்ந்தால் வால் வைத்த நீள கோட்டு. வயதோ வகுப்போ கணக்கில்லை, உயரம்தான் கணக்கு. மெதுவாக வளரும் பையன் பெரிய வகுப்பிலும் குட்டை ஜாக்கெட்டோடு உட்கார்ந்திருப்பான். அந்தப் பையனைப் பற்றித்தான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன். குட்டை ஜாக்கெட்டை 1967இல்தான் விட்டார்கள்.

ஆனால் இந்த உடையின் உண்மையான கதை பள்ளிக்கு வெளியே நடந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஈட்டன் பக்கமே எட்டிப் பார்க்க முடியாத குமாஸ்தாக்களும் கடைக்காரர்களும் தங்கள் பையன்களுக்கு ஞாயிற்றுக்கிழமை உடையாக இதை வாங்கினார்கள். தேவாலயப் பாடகர் குழுப் பையன்களுக்கும் இதுவே ஆனது. கழற்றி மாட்டும் அந்தக் காலரைத் துவைத்துக் கஞ்சி போட்டு இஸ்திரி செய்வது பெரிய வேலை. பையனின் கழுத்தைச் சுற்றி ஒரு கூர்மையான விளிம்பு, குனிந்தால் மோவாயில் குத்தும். அழுக்கான விளையாட்டு எதுவும் ஆட முடியாது, ஆடக்கூடாது என்பதற்காகத்தான் அந்தக் காலரே.

கோட்டையில் செயின்ட் ஜார்ஜ் சேப்பலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். கிரீனிச்சின் மாலுமிப் பையன் 1863 மார்ச் 10ஆம் தேதி இங்கேதான் கல்யாணம் செய்துகொண்டான். அதற்கு வந்திருந்தான் அவன் அக்கா மகன், நான்கு வயது வில்ஹெல்ம், பின்னாளில் ஜெர்மனியின் கைசர். அவனுக்கு ஸ்காட்லாந்து மலைநாட்டு உடை போட்டு விட்டிருந்தார்கள். சடங்கு நீண்டுகொண்டே போக, அவனை அடக்கி வைத்திருந்த தாய்மாமன்களின் காலைக் கடித்து வைத்தான். அவர்களும் கில்ட் என்ற மலைநாட்டுக் கொசுவப் பாவாடை உடுத்தியவர்கள், முழங்கால் திறந்தே இருந்தது.

இந்த கில்ட் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். விக்டோரியாவும் ஆல்பர்ட்டும் 1848இல் ஸ்காட்லாந்தில் பால்மோரல் மாளிகையைக் குத்தகைக்கு எடுத்து, 1852இல் சொந்தமாக வாங்கினார்கள். பிள்ளைகளுக்கு முழு மலைநாட்டு உடை வந்தது. 1851 மே 1ஆம் தேதி மாபெரும் கண்காட்சி திறப்பு விழாவுக்கு இளவரசன் அந்த உடையில்தான் நின்றான். ஸ்காட்லாந்துக்கும் தங்களுக்கும் சம்பந்தமே இல்லாத ஆங்கிலக் குடும்பங்களும் அதற்கப்புறம் கில்ட் வாங்கின. ஆனால் வாங்கியவர்கள் முறையாக வாங்கினார்கள்: கட்டம் போட்ட டார்டன், முன்னால் தொங்கும் ரோமப் பை, காலுறை, எல்லாம். அமெரிக்காவில் அதே கில்ட் என்ன ஆனது என்பது அங்கே போனதும்.

வெள்ளி, லீட்ஸ்

லண்டனிலிருந்து ரயிலில் இரண்டரை மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். நாடகக்காரர்கள் யாரும் பழைய உடையைத் தேடி லீட்ஸுக்கு வருவதாகத் தெரியவில்லை. எனக்கு இந்தப் பயணத்தின் முக்கியமான ஊர் இதுதான்.

பார்க் சதுக்கத்தில் ஒரு விசித்திரமான கட்டடம். ஸ்பெயின் நாட்டு மூர் பாணி, சுட்ட மண் அலங்காரம், மேலே குட்டி மினாரெட்டுகள். மசூதியோ அரண்மனையோ என்று நினைக்கத் தோன்றும். 1878இல் ஜான் பேரன் என்ற ஆயத்த ஆடைத் தயாரிப்பாளருக்காகத் துணி வெட்டும் இடமாகவும் கிடங்காகவும் கட்டியது. பேரன் லண்டனில் பிறந்து 1842இல் லீட்ஸுக்கு வந்தவர். பெரியவர்களுக்குத் தைப்பதைவிடச் சிறுவர் உடையை அவர் தன் வியாபாரத்தின் மையமாக்கினார். தையல் மிஷின் வந்த சில வருடங்களிலேயே வாங்கிப் போட்டார். ஆனால் மிஷின் எவ்வளவு வேகமாகத் தைத்தாலும், வெட்டுவது கத்தரிக்கோலால் என்றால் வேலை அங்கே தேங்கிவிடும். இது எந்தத் தையல்கடையிலும் இன்றைக்கும் தெரியும் உண்மை. மரத் தகடு அறுக்கும் பட்டை ரம்பத்தைப் பார்த்து வந்த யோசனையில், 1858இல் பட்டைக் கத்தி கொண்டு பல மடிப்புத் துணியை ஒரே நேரத்தில் வெட்ட ஆரம்பித்தார்கள். ஒரு கோட்டு வெட்டும் நேரத்தில் ஒரு கட்டு கோட்டுகள்.

சிறுவர் உடை ஏன்? எனக்குப் புரிந்தவரை இப்படி. வளரும் பையனுக்கு அளவெடுத்துத் தைப்பது வீண் செலவு என்று எல்லாத் தாய்மாரும் நினைப்பார்கள். பெரிய மனிதரின் தோளிலும் வயிற்றிலும் இருக்கும் ஏற்ற இறக்கம் பையனிடம் இல்லை. அளவுகளை வயதுப்படி அடுக்கிவிடலாம். துணியும் குறைவு. ஆயத்த ஆடைத் தொழில் கற்றுக்கொள்வதற்குச் சிறுவன்தான் சரியான உடம்பு.

தைப்பதை ஹெர்மன் ஃபிரெண்ட் என்ற யூதத் தையல்காரரின் பட்டறைக்கு பேரன் கொடுத்தார். ஒரு ஆள் ஒரு கோட்டை முழுதும் தைக்காமல், ஒருவர் கை, ஒருவர் காலர், ஒருவர் காஜா என்று வேலையைப் பிரித்தது அந்தப் பட்டறை. 1881க்குப் பிறகு ரஷ்யப் பேரரசில் யூதர்கள் மேல் தாக்குதல்கள் பெருகவும், தப்பி வந்தவர்கள் ஆயிரக்கணக்கில் லீட்ஸின் லேலண்ட்ஸ் பகுதியில் குடியேறி இந்தத் தொழிலுக்குள் வந்தார்கள். மாலுமி உடை, ஈட்டன் ஜாக்கெட், முழங்கால் கால்சட்டை எல்லாம் இப்படித்தான் மலிவாகி இங்கிலாந்தின் கடைத்தெருக்களுக்குப் போனது. அவர்களில் பலர் இங்கே நிற்காமல் கப்பலேறி நியூயார்க் போய்விட்டார்கள். நானும் நாளைக்கு விமானம் ஏறுகிறேன்.

ஞாயிறு, நியூயார்க்

நேற்று வந்து சேர்ந்து தூங்கியதோடு சரி. இன்று மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகம்.

வின்ஸ்லோ ஹோமர் 1872இல் வரைந்த ஒரு சின்ன ஓவியம் இங்கே இருக்கிறது. சிவப்புப் பள்ளிக்கூடம், புல்வெளியில் கை கோத்து ஓடிச் சுழன்று கடைசி ஆளை வீசியெறியும் விளையாட்டு. பையன்கள் கணுக்காலுக்கு மேலே நின்றுவிடும் தொளதொளக் கால்சட்டை போட்டிருக்கிறார்கள், தோளில் வார், சிலருக்குக் குட்டைக் கோட்டு. பலருக்குக் காலில் செருப்பில்லை.

மைல் எண்டில் பார்த்த வெறுங்கால் வேறு, இந்த வெறுங்கால் வேறு. அமெரிக்கக் கிராமங்களில், சிற்றூர்களில், கோடை வந்தால் வசதியான வீட்டுப் பையனும் காலணியைக் கழற்றிவிடுவான். அதற்கு அனுமதி கிடைப்பதே பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். உள்நாட்டுப் போர் முடிந்து ஏழு வருடத்தில் வந்த இந்தப் படத்தில் பணக்காரப் பையன் எவன், ஏழைப் பையன் எவன் என்று சொல்ல முடியவில்லை. அப்படிச் சொல்ல முடியாதபடி வரைய வேண்டும் என்றே ஹோமர் நினைத்திருப்பார் என்று படுகிறது. மார்க் ட்வெய்னின் டாம் சாயர் 1876இல் வந்தது. தொடக்கத்திலேயே டாம் ஊருக்குப் புதிதாக வந்த ஒரு பையனோடு சண்டை போடுவான். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. அந்தப் பையன் கழுத்தில் டை, மேலே பட்டன் போட்ட நீலக் குட்டை ஜாக்கெட். அதைவிட முக்கியம், வெள்ளிக்கிழமை அன்றே காலணி போட்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது! ஈட்டன் தெருவில் இந்தச் சண்டை நடக்கவே நடக்காது.

இதை வைத்து அமெரிக்கா சமத்துவ நாடு, அங்கே உடையில் ஏற்றத்தாழ்வு இல்லை என்று எழுதிவிடலாம். நிறையப் பேர் எழுதியும் இருக்கிறார்கள். அவசரப்பட வேண்டாம். நாளைக்கு ஹைட் பார்க் போகிறேன், லண்டன் பூங்கா இல்லை, நியூயார்க் மாநிலத்தில் அதே பெயருள்ள ஊர்.

திங்கள், ஹைட் பார்க்

கிராண்ட் சென்ட்ரலிலிருந்து ரயில் ஹட்சன் ஆற்றை ஒட்டியே போகிறது. இடப்பக்கம் உட்கார்ந்தால் வழியெல்லாம் தண்ணீர். போகீப்சியில் இறங்கி அங்கிருந்து வாடகை வண்டி.

பின்னாளில் அமெரிக்க அதிபரான பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 1882இல் பிறந்த வீடு இது. பயணம் தொடங்குவதற்கு முன்பிருந்தே நான் காத்திருந்தது அவருடைய 1884ஆம் வருடத்துப் படத்துக்காக. இரண்டரை வயது. வெள்ளைக் கவுன், தோளில் புரளும் சுருள் முடி, மடியில் இறகு வைத்த தொப்பி, பளபளக்கும் காலணி. இன்று பார்ப்பவர்கள் பெண் குழந்தை என்பார்கள். அன்று இரு நாட்டிலும் எல்லாப் பையனும் நான்கைந்து வயது வரை கவுன்தான். துணி மாற்றச் சௌகரியம், வளர வளர ஓரத்தைப் பிரித்து இறக்கலாம்.

வித்தியாசம் அதற்கப்புறம் தொடங்குகிறது. கவுன் போய் பிராங்க்ளினுக்கு கில்ட் வந்தது, பிறகு மாலுமி உடை. அம்மா சாரா பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தவை. படிப்பு வீட்டிலேயே, ஆசிரியர் வைத்து. எட்டரை வயதில் அப்பாவுக்கு எழுதிய கடிதத்தில், அம்மா வெளியே போயிருப்பதால் தானே தனியாகக் குளிக்கப் போவதாகப் பெருமையாகச் சொல்கிறான்! க்ரோட்டன் என்ற விடுதிப் பள்ளிக்குப் போனது 1896இல், 14 வயதில்.

இவரோடு வின்ஸ்டன் சர்ச்சிலை வைத்துப் பாருங்கள். ஏழு வயதில் மாலுமி உடையில் எடுத்த சர்ச்சிலின் படம் பிரபலமானது. ஆனால் எட்டு வயது நிரம்புவதற்குள், 1882 நவம்பரில், அவரை விடுதிப் பள்ளியில் கொண்டு போய் விட்டுவிட்டார்கள். அம்மா ஜென்னி அமெரிக்கர், இருந்தும் இங்கிலாந்து முறைதான் நடந்தது. அந்த நாளோடு அம்மாவின் கையிலிருந்து பையனின் உடை பள்ளியின் கைக்குப் போய்விடும். அமெரிக்கப் பையன் வீட்டிலிருந்தே பள்ளிக்குப் போய் வந்தான். அரசுப் பள்ளிகளில் சீருடை கிடையாது. ஆகவே அவன் என்ன உடுத்த வேண்டும் என்பதை ரொம்ப வருடங்களுக்கு அம்மா முடிவு செய்தாள். எதைப் பார்த்து? பத்திரிகையைப் பார்த்து, பேட்டர்னை, அதாவது துணி வெட்டுவதற்கான காகித மாதிரியைப் பார்த்து.

பேட்டர்ன் என்றதும் எபனேசர் பட்டரிக் ஞாபகம் வந்துவிடுகிறது. மாசசூசெட்ஸில் ஸ்டெர்லிங் என்ற ஊரின் தையல்காரர். வெவ்வேறு அளவுகளில் காகிதப் பேட்டர்ன் வெட்டி விற்கலாம் என்று அவரும் மனைவியும் 1863இல் தொடங்கினார்கள். முதலில் விற்றவை ஆண்களுக்கும் பையன்களுக்குமான உடைகள். பெரிய வெற்றி கரிபால்டி உடை. இத்தாலிப் புரட்சி வீரரின் தொளதொளச் சட்டையைச் சின்னப் பையனுக்கு இறக்கிய மாதிரி. வீட்டில் தையல் மிஷின் இருக்கும் எந்தத் தாயும் கையில் காசும் ஒரு சாயங்காலமும் இருந்தால் தன் மகனைப் புரட்சிக்காரன் ஆக்கிவிடலாம். அதே உள்நாட்டுப் போர்க் காலத்தில் அமெரிக்கச் சிறுவர்களிடையே ஜூவாவ் உடையும் பரவியது. வட ஆப்பிரிக்காவில் போரிட்ட பிரெஞ்சுப் படையின் பின்னல் வைத்த ஜாக்கெட். லிங்கனின் மகன் டாட் ராணுவ உடையிலேயே படம் எடுத்துக்கொண்டான்.

கில்ட் விஷயத்தை இங்கே முடிக்கிறேன். பிராங்க்ளின் போட்டது ஸ்காட்லாந்து உடைதான். ஆனால் 1870, 80களில் பொதுவாக அமெரிக்கப் பையன்கள் போட்ட கில்ட் உடையில் ஸ்காட்லாந்து ஒன்றுமே இல்லை. சாதாரணப் பழுப்போ சாம்பலோ, கொசுவம் வைத்த பாவாடையும் அதே துணியில் ஜாக்கெட்டும். கவுனுக்கும் கால்சட்டைக்கும் நடுவே ஒரு படியாக அதை வைத்துக்கொண்டார்கள். இங்கிலாந்துக்காரர்கள் டார்டனை மாற்றத் தயங்கினார்கள். அமெரிக்கத் தாய் கொசுவத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டாள். தைப்பவளாக எனக்கு இந்தத் துணிச்சல் பிடித்திருக்கிறது.

செவ்வாய், லோயர் ஈஸ்ட் சைடு

ஆர்ச்சர்ட் தெரு 97ஆம் எண். 1863இல் கட்டிய அடுக்குக் குடியிருப்பு, இப்போது டெனமென்ட் அருங்காட்சியகம். 1935 வரை சுமார் 7000 பேர் இந்த ஒரே கட்டடத்தில் வாழ்ந்து போயிருக்கிறார்கள். போலந்திலிருந்து வந்த லெவின் குடும்பம் 1890களில் நடத்திய தையல் பட்டறையைக் காட்டினார்கள். பட்டறை என்றால் வீட்டின் முன்னறை. வெளிச்சம் வரும் ஜன்னலோரம் மிஷின். சமையலறை அடுப்பில் இஸ்திரிப் பெட்டி சூடேறும், அதே அடுப்பில்தான் சோறும். இங்கே தைத்தது பெண்களின் உடைகள்.

பையன்களின் உடை அடுத்த தெருவில். லட்லோ தெருவில் பத்திரிகையாளர் ஜேகப் ரீஸ் எடுத்த படத்துக்குத் தலைப்பே விலைதான்: முழங்கால் கால்சட்டை, டஜன் 45 சென்ட். அவருடைய நூல் 1890இல் வந்தது. அதில் ஒரு பட்டறையை விவரிக்கிறார். இருட்டு மாடிப்படி, மூடிய கதவுகளுக்குப் பின்னால் மிஷின் சத்தம். உள்ளே ஐந்து ஆண்கள், ஒரு பெண், 15 வயது நிரம்பாத இரண்டு பெண் பிள்ளைகள், அப்புறம் கேட்காமலே தனக்கு 15 வயது என்று சொல்லும் ஒரு பையன். அது பொய் என்று ரீஸ் எழுதுகிறார். பாதி தைத்த கால்சட்டைகள் தரையில் கணுக்கால் உயரத்துக்குக் கிடக்கின்றன.

டஜன் 45 சென்ட் என்றால் ஒரு கால்சட்டைக்கு நான்கு சென்ட்கூட இல்லை. முழங்காலோடு நிற்கும் நேரான கால்சட்டையும் நீளமான கறுப்புக் காலுறையும் அந்த வருடங்களில் அமெரிக்கப் பள்ளிப் பையனின் அடையாளம். கடையில் தொங்கியது, தபாலில் வந்தது, யாரும் வாங்க முடிந்தது. சமத்துவம் போலத் தெரிந்த அந்த உடையின் விலை குறைந்தது இந்த மாடிப்படிகளுக்கு மேலேதான். லீட்ஸின் லேலண்ட்ஸிலும் இதே மக்கள், இதே வருடங்கள், இதே மாதிரி பிரித்த வேலை. இரு நாட்டுப் பையன்களும் எவ்வளவு வித்தியாசமாக உடுத்தினார்கள் என்று பார்க்கக் கிளம்பினேன். தைத்த கைகளில் வித்தியாசம் இல்லை. என் தொழிலில் இருப்பவர்கள் ஒரு காலத்தின் உடையைப் பற்றிப் பேசும்போது இதையும் சேர்த்தே பேச வேண்டும் என்று இன்று உறுதியாக நினைக்கிறேன்.

வியாழன், சென்ட்ரல் பார்க்

பூங்காவின் வடகிழக்கில் கன்சர்வேட்டரி தோட்டம். அதற்குள் ஒரு குளம், குளத்தில் வெண்கலத்தில் ஒரு பெண்ணும் குழல் ஊதும் ஒரு பையனும். எழுத்தாளர் பிரான்சஸ் ஹாட்ஜ்சன் பர்னெட் நினைவாக வைத்தது. மேடைகளில் நாங்கள் எல்லாப் பையனுக்கும் மாட்டும் அந்த வெல்வெட் கோட்டு இந்த அம்மாவிடமிருந்து வந்தது.

1849இல் மான்செஸ்டரில் பிறந்தார். சிறுவயதில் அப்பா இறந்துவிட்டார். அமெரிக்க உள்நாட்டுப் போரால் பருத்தி வராமல் மான்செஸ்டரே முடங்கியது, குடும்பத்தின் வியாபாரமும் நொடித்தது. 1865இல் கப்பலேறி டென்னசிக்கு வந்தார்கள். பட்டினிக்குப் பக்கத்தில் இருந்த அந்த வீட்டில் பிரான்சஸ் பத்திரிகைக்குக் கதை எழுதிக் காசு சம்பாதித்தார். லயனல், விவியன் என்று இரண்டு மகன்கள். அவர்களுக்குத் தன் கையாலேயே வெல்வெட் உடை தைத்துப் போட்டார். 1885 நவம்பரில் செயின்ட் நிக்கலஸ் பத்திரிகையில் லிட்டில் லார்ட் ஃபான்ட்லராய் தொடராக வரத் தொடங்கியது. நியூயார்க்கில் மளிகைக்காரரும் காலணி துடைக்கும் பையனும் நண்பர்களாக உள்ள செட்ரிக், ஒரு நாள் இங்கிலாந்துப் பிரபுவின் வாரிசு என்று தெரிய வருகிறது. படம் வரைந்த ரெஜினால்ட் பர்ச் லண்டனில் பிறந்து அமெரிக்காவுக்கு வந்தவர். விவியனின் புகைப்படத்தைப் பார்த்து வரைந்தார். கறுப்பு வெல்வெட், லேஸ் காலர், இடுப்பில் பட்டு நாடா, சுருள் முடி.

அந்தப் படங்களைப் பார்த்து அமெரிக்கத் தாய்மார்கள் தைக்க ஆரம்பித்தார்கள். 1880களின் கடைசியிலும் 90களிலும் ஊர் ஊராக வெல்வெட்டும் லேஸும். இங்கிலாந்திலும் வந்தது, ஆனால் விருந்துக்கும் கல்யாண ஊர்வலத்துக்கும் என்று ஓரளவில் நின்றது. அங்கே பிரபு வீட்டுப் பையன் எட்டு வயதில் விடுதிப் பள்ளிக்குப் போய்க் கஞ்சிக் காலர் மாட்டிக்கொண்டான். பிரபுவின் மகன் போல வெல்வெட்டில் நின்றவன் அமெரிக்க வீட்டுப் பையன். இங்கிலாந்துப் பிரபுத்துவம் பற்றி, இங்கிலாந்திலிருந்து ஏழையாகக் கிளம்பிய ஒரு பெண் அமெரிக்காவில் கண்ட கனவு அந்த உடை. இனி மேடையில் அதை நான் பயன்படுத்தினால் அமெரிக்கக் கதைக்கு, 1886க்குப் பிறகு, வசதியான வீட்டுப் பையனுக்கு மட்டும்தான். இங்கிலாந்துப் பையனுக்கு மாலுமி உடையோ ஈட்டன் ஜாக்கெட்டோ தைப்பேன்.

தோட்டத்துக்குப் பக்கத்தில் நியூயார்க் நகர அருங்காட்சியகம். ஜேகப் ரீஸின் படங்கள் அங்கேதான் பாதுகாப்பாக இருக்கின்றன. இரண்டையும் ஒரே காலையில் பார்த்துவிடலாம், வருபவர்கள் அப்படியே வாருங்கள்.

லயனல் 1890இல் காசநோயில் இறந்துபோனான். விவியன் வளர்ந்து பத்திரிகையாளரானார், அம்மாவின் வாழ்க்கையை எழுதினார், ஃபான்ட்லராய் என்ற பெயர் மட்டும் அவரை விடவேயில்லை. 1937இல் லாங் ஐலண்ட் கடல் பகுதியில் ஒரு படகு கவிழ, அதிலிருந்தவர்களைக் காப்பாற்றுவதில் சேர்ந்துகொண்டவர், அந்த இடத்திலேயே மாரடைப்பில் சரிந்தார். அப்போது அவருக்கு 61 வயது. மறுநாள் செய்தித்தாள்கள் அவரை வெல்வெட் உடைப் பையனாகத்தான் அடையாளம் சொல்லின.